பென்சில்வேனியாவின் ஆறு கவுன்டிகளுக்கு (மாவட்டம் போன்ற பகுதிகள்) ஒரே பட்டதாரி விகிதம் சொல்ல, அவற்றின் சதவீதங்களுக்குச் சராசரி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. சென்டர், கிளியர்ஃபீல்டு, கிளின்டன், மிஃப்லின், ஹன்டிங்டன், பிளேர் ஆறுக்கும் மக்கள்தொகை வேறு. சராசரியில் சிறிய கிளின்டனும் பெரிய சென்டரும் ஒரே எடை பெற்றுவிடுகின்றன. அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு என்ற மாதிரிக் கணக்கெடுப்பின் பி15003 (கல்வித் தகுதி) அட்டவணையில் 22 முதல் 25 வரையுள்ள வரிசைகளை (இளநிலைப் பட்டமும் அதற்கு மேலும்) ஆறு கவுன்டிகளுக்கும் கூட்டி, முதல் வரிசையின் மொத்தத்தால் வகுங்கள்.

உங்கள் வரைவில் மிஃப்லினில் கல்லூரிச் சேர்க்கை "சரிந்து கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது சரிவே அல்ல. இந்தக் கணக்கெடுப்பில் மாணவர் அப்போது தங்கியிருக்கும் இடத்தில்தான் கணக்கில் வருவார். மிஃப்லினிலிருந்து சென்டர் கவுன்டியிலுள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் விடுதியில் தங்கும் பெண் சென்டரின் கணக்கில் ஏறுகிறாள். பல்கலைக்கழக ஊர் பக்கத்தில் இருந்தால் எந்த வட்டாரத்திலும் இந்தத் தொல்லைதான்.

சோதிக்க: 18–24 வயதினரின் சேர்க்கை விகிதத்தைச் சென்டரைச் சேர்த்து ஒரு முறையும் விட்டு ஒரு முறையும் போடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் காரணம் பல்கலைக்கழகம்தான். பட்ட விகிதம் 25 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மட்டும் என்பதால் இளநிலை மாணவர்கள் அதை அவ்வளவாகக் குலைப்பதில்லை. ஆனால் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் அதை உயர்த்துவார்கள்.

ஒரு எச்சரிக்கை: 65,000 பேருக்குக் குறைவான கவுன்டிகளுக்கு பி15003 போன்ற விரிவான அட்டவணைகள் ஐந்தாண்டு மதிப்பீடாக (ஐந்து ஆண்டுத் தரவைச் சேர்த்துக் கணித்தது) மட்டுமே வரும். 2018–2022ஐ 2019–2023உடன் ஒப்பிட்டுப் போக்கு என்று எழுதாதீர்கள், நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2019–2023உடன் ஒப்பிட 2014–2018ஐ எடுங்கள். பிழை வரம்பையும் (மதிப்பீடு எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற அளவு) பாருங்கள்; சிறிய கவுன்டிகளில் அதுவே மாற்றத்தை விழுங்கிவிடும்.