மூன்று தறிக்கு ஒரு ஆள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சோமனூர் பக்கம் ஒரு கிராமம். கோவையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி வருசம் படிக்கிறேன். மேற்கொண்டு இலக்கியம், நாடகம், சினிமா மூன்றையும் சேர்த்துப் படிக்க ஆசை. அயர்லாந்தில் டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம், நாடகம், சினிமா மூன்றுக்கும் சேர்த்து ஒரே புலம் வைத்திருக்கிறார்கள். அங்கே போக வசதியில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) கலை, அழகியல் புலத்தில் நாடகமும் சினிமாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அதற்கு முயற்சி செய்யலாமா என்று யோசிக்கிறேன். அப்பா தறி ஓட்டுகிறார். "மூணுலயும் கால் வெச்சா ஒண்ணுலயும் நிக்க முடியாது அம்மிணி" என்கிறார். எங்கள் பேராசிரியர் இதை நுனிப்புல் மேய்வது என்கிறார். எதையுமே முழுசாகக் கற்காமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும். பெயரைப் போட வேண்டாம்.

க.

*

அன்புள்ள க.,

முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அவர் ஒருத்தராக எத்தனை தறி பார்க்கிறார்? சோமனூரில் ஒரே தறியோடு நிற்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு தறியில் நாடா மாற்றிக்கொண்டே, அடுத்த தறியின் சத்தம் மாறுவதை வைத்து அங்கே இழை அறுந்ததைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே மூன்று என்கிற எண்ணிக்கையைப் பார்த்து அவர் பயப்பட வேண்டியதில்லை. பேராசிரியர் சொல்வதைத்தான் நான் யோசிப்பேன். மூன்றைப் பற்றியும் சரளமாகப் பேசி, ஒரு நாவலைக்கூட முழுதாக வாசிக்காத பிள்ளைகளை நானும் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் படிப்பதால் வரும் நஷ்டத்தை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். என் கதையைச் சொல்கிறேன்.

கோவையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை பாடம். "எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து" என்று மேடையின் அளவு வரும். ஒரு கோல் என்பது 24 விரல். மூன்று வகைத் திரை உண்டு: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. எல்லாவற்றையும் உருப்போட்டேன். பரீட்சையில் எழுதினேன், நல்ல மார்க்கும் வந்தது. அந்த இரண்டு வருசத்தில் ஆசிரியரோ மாணவரோ ஒரு குச்சியை எடுத்துத் தரையில் அந்த மேடையை அளந்து பார்க்கவில்லை. அதைப் பற்றி எங்களுக்குக் கூச்சமும் இருந்ததில்லை.

அப்புறம் இருபது வருசத்துக்கும் மேல் கழித்து, எங்கள் தோட்டத்துக் களத்தில் ஒரு நாள் அளந்தோம். நானும் அக்கா பையனும். அவன் அப்போது குறும்படம் எடுக்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தான். என் பெருவிரலால் 24 தடவை வைத்து ஒரு மூங்கில் குச்சி வெட்டினோம். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஏழு கோல், எட்டு கோல் என்று தாம்புக்கயிறு போட்டதும் எனக்குப் பெரிய ஏமாற்றம். அதிகம் போனால் 14 அடிக்கு 16 அடி! எங்கள் மாட்டுக்கொட்டகை அதைவிடப் பெரிது. நானோ சோழன் சபை, மாதவியின் அரங்கேற்றம் என்றால் ஏதோ கல்யாண மண்டபம் அளவுக்கு மனசில் கட்டி வைத்திருந்தேன்.

ஒரு கோல் உயரம் என்பது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அந்த உயரத்துக்கு ஒரு பலகையைப் போட்டு, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஆடுகிறவளின் பாதம் என் மார்புக்கு நேராக வருகிறது. கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினால் பாதம், நிமிர்ந்தால் முகம். அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற ஆட்டம் அது. இதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பலகைதான் சொல்லித் தந்தது.

அக்கா பையன் பாட்டை வாங்கிப் படித்தான். "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்தாங்கு" என்ற வரிக்கு அர்த்தம் கேட்டான். தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாமல் வெளியே போகிற மாதிரி விளக்கு வைப்பது என்றேன். "மாமா, இது லைட்டிங் நோட்டுங்க" என்றான். அந்த வரியை நான் நூறு தடவையாவது வாசித்திருப்பேன். எனக்கு அது வெறும் வர்ணனை. அவனுக்கு அது வேலைக் குறிப்பு. கேமராமேன் முதல் நாள் செட்டுக்குள் நுழைந்ததும் பார்க்கிற முதல் விஷயம் அதுதானாம்.

இலக்கியம், நாடகம், சினிமா மூன்றும் அந்தக் களத்தில் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்துவிட்டன. நான் தமிழ் எம்.ஏ., அவன் பன்னிரண்டாவதில் ஒருமுறை தவறியவன். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான், போகட்டும்.

சேர்த்துப் படிப்பது என்று நான் நினைப்பது இதைத்தான். காலையில் நாவல், மத்தியானம் நாடகம், சாயங்காலம் படம் என்று மூன்று டிபன் கேரியர் அடுக்குவது இல்லை. ஒரே கதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எதைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது என்று பார்ப்பது. வரவை எல்லோரும் பேசுவார்கள், நீங்கள் கழிவைப் பாருங்கள்.

இதற்கு டப்ளின் வரை போக வேண்டாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். (சேலம் கொங்கில் சேர்த்தியா என்ற சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றான குண்டலகேசியில் நமக்குக் கிடைத்தது 19 பாடல்தான். கணவனே தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான் என்று தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை வலம் வருகிறேன் என்று சொல்லி அவனைத் தள்ளிவிடுகிற பெண்ணின் கதை அது. அதைத் தழுவி மு. கருணாநிதி நாடகம் எழுதினார், அது சினிமா ஆனது. காப்பியத்தில் மலை ஒரு சொல். சினிமாவில் நிஜமாகவே ஏறலாம், ஏறுகிற நேரம் பூராவும் 'வாராய் நீ வாராய்' என்று பாட்டைப் போட்டு நம் வயிற்றைக் கலக்கலாம். நடுவில் இருக்கிற நாடக மேடையில் மலைக்கு என்ன செய்வது? ஒரு பெஞ்சு போடுவதா? ஒன்றுமே போடாமல், அவள் சுற்றி வருகிற மூன்று சுற்றிலேயே மலையைக் காட்டிவிட முடியுமா? இந்தக் கேள்வியோடு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறவருக்கு நுனிப்புல் என்ற பேச்சு பொருந்தாது.

'மலைக்கள்ளன்' உங்களுக்கு இன்னும் கிட்டம். நாமக்கல் கவிஞரின் நாவல், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் 1954-இல் படமானது. அதை இயக்கிய ஸ்ரீராமுலு நாயுடுவே அடுத்த வருசம் அதை இந்தியில் 'ஆசாத்' என்று எடுத்தார். நாவலையும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பாடுகிற அண்ணன்மார் கதை. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடிப் பாட்டாக இதை ஒலிப்பதிவு செய்தார். பிறகு நாவலாக வந்தது, 2011-இல் 'பொன்னர் சங்கர்' என்று படமாக வந்தது. படத்தில் குதிரை, கோட்டை, கூட்டம் எல்லாம் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கை அடித்துப் பாடும்போது, அவர்கள் போரில் சாகிற படுகளத்தன்று கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே அருள் வந்து செத்தவர்களாக விழுவார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காள் வந்து எழுப்பும்வரை எழ மாட்டார்கள். சின்ன வயசில் என் பெரியப்பா அப்படி விழுந்ததைப் பார்த்து நான் அலறியிருக்கிறேன். தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரை எந்த டைரக்டரும் அப்படி விழவைக்க முடியாது. சினிமா அங்கே கீழே போட்டுவிட்டுப் போனது பார்க்கிறவனின் உடம்பை. இது புரிய உங்களுக்கு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். நம் பக்கம் இவை மூன்றும் தனித்தனி வீடுகளில் இருக்கின்றன. நாடகத்துக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை. படம் எடுக்கக் கற்பதற்குச் சென்னைத் தரமணியிலும் புனேயிலும் உள்ள திரைப்படக் கல்லூரிகள். நம் கோவைக் கல்லூரிகளில் விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன். நீங்கள் சொல்கிற டெல்லிப் படிப்பு முக்கியமாக ஆய்வுப் படிப்பு. நடிக்கவோ கேமரா பிடிக்கவோ கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போனால் ஏமாந்து வருவீர்கள். வாசித்து, பார்த்து, எழுதுவதில் ருசி இருந்தால் போங்கள். எங்கே சேர்ந்தாலும் அங்கே படித்தவர் ஒருவரைப் பிடித்து, வருசத்தில் எத்தனை நாள் எழுந்து நின்று எதையாவது செய்யவைத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நாளும் இல்லை என்றால், அந்தப் பகுதியை வெளியே நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பற்றி அப்பா கேட்பார். இதைப் படித்த உடனே சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். வாத்தியார் வேலை, மொழிபெயர்ப்பு, திரைக்கதை உதவி, சப்டைட்டில் என்று பிய்த்துப் பிய்த்துத்தான் வரும். அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். தறிக்காரர் கூலி ஏறி இறங்குவதைப் பார்த்தவர், உங்கள் பேராசிரியரைவிட அவருக்கு அது சீக்கிரம் புரியும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தறிக்குடோனில் இடம் இருக்குமல்லவா? தறி நிற்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒரு குச்சி வெட்டி, கயிறு போட்டு, அரங்கேற்று காதை மேடையை அளந்து பாருங்கள். அப்பாவின் பெருவிரலால் அளந்தால் என் கணக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக வரலாம். எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.