யாக்கோபு 1:6ஐ மட்டும் படித்துப் பயப்படாதீர்கள்

சகோதரரே, ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து யோசுவாவின் யுத்தங்களுக்கு வந்ததும் ஜெபமே வரவில்லை என்றும், சபை மூப்பர் யாக்கோபு 1:6ஐ (சந்தேகப்படுகிறவன் காற்றில் அலைகிற கடலலைக்கு ஒப்பானவன் என்ற வசனம்) காட்டிச் சந்தேகம் பாவம் என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். ஞானம் குறைவானவன் தேவனிடம் கேட்கட்டும், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்கிறது 5ஆம் வசனம். கேட்கிறவனை விரட்டுகிற பகுதி அல்ல இது.

அப்புறம் மத்தேயு 11. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே யோவான், காவலில் கிடந்தபடி சீஷர்களை அனுப்பி, வருகிறவர் (வாக்களிக்கப்பட்ட மேசியா) நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா என்று கேட்கிறார். இயேசு கோபப்படவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அவர்கள் கிளம்பிய கையோடு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பியதில்லை என்கிறார். சந்தேகம் வந்து சேர்ந்த அதே வேளையில் இப்படியொரு நற்சான்று! (பிரசங்கங்களில் இந்த இடத்தை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.)

தேவன் பேரில் ஏன் இத்தனை கொலை என்று யோசுவாவின் யுத்தங்கள் எழுப்பும் உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சரி, இப்போதைக்கு அங்கே அடையாளம் வைத்துவிட்டு 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். தோழர்களும் தூரமாகிவிட்டார்கள் என்ற புலம்பலோடு, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிகிற ஜெபம் அது. அதுவும் முடியாத நாளில் மாற்கு 9:24 போதும்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். யோசுவாவுக்குத் திரும்பும்போது 2ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல் வேவுகாரரை ஒளித்துவைத்த எரிகோ பெண் ராகாபிலிருந்து தொடங்குங்கள்.