வோயிவோதினாவின் அரசுத் தலைவர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செர்பியாவின் வடபகுதியில், டான்யூப் ஆற்றின் இருபுறமும் பரந்திருக்கும் தன்னாட்சி மாகாணம் வோயிவோதினா. 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17.4 லட்சம் பேர் வாழும் அம்மாகாணத்தின் அரசுத் தலைவர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வோயிவோதினாவின் அரசுத் தலைவரை ஒரு மாநில முதலமைச்சருக்கு இணையாகக் கருதலாமா?

தேர்வு முறையைப் பார்த்தால் கருதலாம். 120 உறுப்பினர்கள் கொண்ட மாகாணப் பேரவை நான்காண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறது; அரசுத் தலைவரையும் அரசின் மற்ற உறுப்பினர்களையும் அந்தப் பேரவைதான் தெரிவு செய்கிறது. அதிகாரத்தைப் பார்த்தால் இணை என்று சொல்வது கடினம். மாகாணப் பேரவை சட்டம் இயற்ற முடியாது; சட்டம் என்ற தகுதி செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலுள்ள தேசியப் பேரவை இயற்றுவதற்கு மட்டுமே உண்டு. மாகாணம் பிறப்பிப்பவை 'முடிவுகள்' எனப்படும். துறைகளை நடத்துபவர்களும் அமைச்சர்கள் அல்லர், மாகாணச் செயலர்கள். காவல் துறையும் நீதிமன்றங்களும் மாகாணத்தின் கையில் இல்லை. வேளாண்மை, நீர் மேலாண்மை, சுற்றுலா, கல்வி, பண்பாடு, சிறுபான்மை மொழிகள் போன்றவற்றில்தான் அதற்குப் பங்குண்டு, அதுவும் நாட்டுச் சட்டங்கள் வகுத்த எல்லைக்குள்.

கேள்வி: இப்பதவி எப்போது தோன்றியது? பெயர் பலமுறை மாறியதாகப் படித்தேன்.

1945இல் தன்னாட்சி மாகாணம் அமைந்தபோதே ஒரு நிர்வாக அமைப்பு உருவானது. 1953 முதல் அது 'நிர்வாகக் குழு' எனப்பட்டது. அதன் தலைவர்தான் அரசுத் தலைவர். செர்பியா அன்று யுகோஸ்லாவியக் கூட்டாட்சியின் குடியரசுகளில் ஒன்று. 1974ஆம் ஆண்டு யுகோஸ்லாவிய அரசியலமைப்பு, செர்பியாவின் இரு தன்னாட்சி மாகாணங்களான வோயிவோதினாவையும் கொசோவோவையும் அக்குடியரசுகளின் தகுதிக்கு மிக அருகில் கொண்டு சென்றது. கூட்டாட்சித் தலைமைக் குழுவில்கூட மாகாணத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் அக்காலத்தில் உண்மையான அதிகாரம் கம்யூனிஸ்டுக் கட்சியின் மாகாணக் குழுவிடமே இருந்தது என்பதை மறந்துவிட்டு நிர்வாகக் குழுத் தலைவர்களின் பட்டியலை மட்டும் படித்தால், அவர்கள் செய்யாதவற்றையும் செய்ததாக எண்ணிவிடுவோம். 'அரசு' என்ற பெயர் 2009ஆம் ஆண்டு மாகாணச் சட்ட சாசனத்தின் (மாகாணத்தின் அமைப்பை வகுக்கும் அடிப்படை ஆவணம்) வழியாகத்தான் வந்தது.

கேள்வி: 'தயிர்ப் புரட்சி' என்பது என்ன? அதற்கும் இப்பதவிக்கும் என்ன தொடர்பு?

1988 அக்டோபர் 5, 6 ஆகிய நாள்களில் நோவி சாத் நகரில் திரண்ட, அன்றைய செர்பியக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஸ்லோபோதான் மிலோஷெவிச்சின் ஆதரவாளர்கள், மாகாணத் தலைமை இருந்த கட்டடத்தின்மீது தயிர்ப் பொட்டலங்களை வீசினார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மாகாணத் தலைமை பதவி விலகியது. 1990இல் செர்பியாவின் புதிய அரசியலமைப்பு தன்னாட்சியை ஏறக்குறைய வெறும் பெயராக்கியது. அதற்குப் பின் பத்தாண்டுகள் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தவர்கள் மிலோஷெவிச்சின் சோசலிஸ்டுக் கட்சியின் மேலாளர்களைப் போலவே இயங்கினார்கள் என்பது என் கணிப்பு. அவர்களில் ஒருவரான ராதோமான் போஜோவிச் 1991 இறுதியில் செர்பியாவின் பிரதமராகச் சென்றார்.

கேள்வி: பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட தலைவர் உண்டா?

உண்டு. போஷ்கோ பெரோஷெவிச் 2000 மே 13 அன்று, நோவி சாத் நகரின் வேளாண் கண்காட்சித் திடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அக்கண்காட்சியின் காவலாளியாக வேலை பார்த்தவர். அன்றைய ஆட்சி உடனே 'ஒட்போர்' என்ற மாணவர் எதிர்ப்பியக்கத்தின்மீது பழி சுமத்தியது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஐந்து மாதங்களுக்குள் மிலோஷெவிச்சே வீழ்ந்தார். ஜோர்ஜே ஜூகிச் தலைமையில் ஜனநாயகக் கூட்டணியின் நிர்வாகக் குழு பொறுப்பேற்றது. 2002ஆம் ஆண்டின் 'ஆம்னிபஸ்' சட்டம் பறிபோன அதிகாரங்களில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது.

கேள்வி: மிக நீண்ட காலம் இருந்த போயான் பைதிச்சை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பைதிச் 2004 முதல் 2016 வரை பதவியில் இருந்தார். அவருடைய ஆட்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் மதிப்பிட முடியாது. 2012 வரை அவருடைய கட்சிக்காரரான போரிஸ் தாதிச் நாட்டின் குடியரசுத் தலைவர். அப்படியிருந்தும், 2008 அக்டோபரில் மாகாணப் பேரவை நிறைவேற்றிய சட்ட சாசனத்துக்குத் தேசியப் பேரவையின் ஒப்புதல் 2009 நவம்பர் இறுதியில்தான் கிடைத்தது. சொந்தக் கட்சி ஆண்டபோதே ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

2012இல் செர்பிய முற்போக்குக் கட்சி பெல்கிரேடில் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் மாகாண அதிகாரங்கள் பற்றிய சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. நோவி சாத் 'தலைநகர்' என்ற பிரிவும் அவற்றுள் அடங்கும். (2014ஆம் ஆண்டுச் சாசனம் அந்நகரை 'நிர்வாக மையம்' என்றே குறிக்கிறது.) 2013 மே மாதம் மாகாணப் பேரவை தன் அரசியலமைப்பு உரிமைகளைக் காக்கும் பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது, டிசம்பரில் நீதிமன்றம் சாசனத்தின் கணிசமான பகுதியையும் நீக்கியது. பைதிச் திறமையான பேச்சாளர், விடாப்பிடியான அரசியல்வாதி. ஆனால் கைக்கு எட்டியதாக நினைத்த அதிகாரத்தின் பெரும்பகுதியை அவருடைய காலத்திலேயே மாகாணம் இழந்தது.

கேள்வி: மாகாணத்தின் வருவாய் எங்கிருந்து வருகிறது?

2006ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மாகாண நிதி, செர்பிய வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 7 விழுக்காடாக இருக்க வேண்டும். அதில் ஏழில் மூன்று பங்கு மூலதனச் செலவுக்கு. கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் எதையெல்லாம் அந்த 7 விழுக்காட்டில் சேர்த்து எண்ணுவது என்பதில்தான் ஆண்டுதோறும் சண்டை. பள்ளி ஆசிரியர்களின் ஊதியம் மாகாணக் கணக்கின் வழியாகச் செல்வதால் தொகை பெரிதாகத் தெரிகிறது; அரசுத் தலைவரால் விரும்பியபடி செலவிட முடிவது அதில் சிறு பகுதியே. பேரவைத் தேர்தலில் யார் வென்றார் என்பதைவிட, பெல்கிரேடின் நிதி அமைச்சகத்தில் யார் இருக்கிறார் என்பது இப்பதவியின் வலிமையை அதிகம் தீர்மானிக்கிறது.

கேள்வி: ஹங்கேரியர் எவரேனும் அரசுத் தலைவரானதுண்டா?

சோசலிசக் காலத்தில் பிரான்யா நாஜ் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தார். 1990க்குப் பிறகு எவரும் இல்லை. அதற்கு ஈடாக மாகாணப் பேரவைத் தலைவர் பதவி 2008 முதல் ஹங்கேரியரிடம் செல்வது வழக்கமாகிவிட்டது. இஸ்த்வான் பாஸ்தோர் 2012 முதல் 2023இல் இறக்கும்வரை அதில் இருந்தார். மாகாணத்தில் செர்பியம், ஹங்கேரியம், ஸ்லோவாக்கியம், ருமேனியம், குரோவேசியம், ருசின் ஆகிய ஆறு மொழிகள் அலுவல் மொழிகள்.

கேள்வி: 2016க்குப் பின் என்ன மாறியது?

முற்போக்குக் கட்சியின் இகோர் மிரோவிச் 2016இல் வந்தார். அதற்கு முன் பெல்கிரேடில் பிராந்திய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர். இரு இடங்களிலும் ஒரே கட்சி என்றான பின் அதிகாரப் பூசல் நின்றது. பூசல் நின்றதைத் தீர்வு என்று சிலர் சொல்கிறார்கள். மாகாணத்துக்கு அதிகாரம் கேட்பவரே இல்லாமல் போனதாக எனக்குப் படுகிறது. 2024 மே மாதம் மாயா கோய்கோவிச் பொறுப்பேற்றார். நோவி சாத் மேயர், தேசியப் பேரவைத் தலைவர், துணைப் பிரதமர் ஆகிய பதவிகளுக்குப் பின் இங்கு வந்தவர்.

கேள்வி: அரசுத் தலைவரின் அலுவலகம் எங்கே உள்ளது?

நோவி சாத் நகரின் 'பானோவினா' அரண்மனையில். 1930களின் பிற்பகுதியில் திராகிஷா பிராஷோவான் என்ற கட்டடக் கலைஞர், அன்றைய டான்யூப் பானோவினா என்ற யுகோஸ்லாவிய மாகாணத்தின் ஆளுநருக்காக வடிவமைத்தது. பிராச் தீவின் வெண்கல் போர்த்திய சுவரும், கப்பலின் முனைபோல் வளைந்த ஒரு கோடியும், உயர்ந்த கோபுரமும் கொண்டது. பக்கத்திலேயே பேரவைக் கட்டடம் தனியாக நிற்கிறது.