சோலோ எழுதுறப்போ ஸ்வரம் கீபோர்டோட ஒட்டலைன்னா தப்பு யாரோடது?

கேள்வி: ரெண்டு வருஷமா ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கிறேன். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட 'சோ வாட்' சோலோவ காதால கேட்டு எழுதிட்டு இருக்கேன், ஆனா கீபோர்டுல வச்சுப் பாத்தா எல்லா ஸ்வரமும் கொஞ்சம் மேல நிக்குது. சுத்த விகிதத்துல சுருதி வைக்கிறத ஜஸ்ட் இன்டொனேஷன்னு சொல்வாங்களே, இது அதுதானா? தனியா படிக்கணுமா?

பதில்: மொதல்ல நீங்க கேக்குறது எந்தப் பதிப்புன்னு பாருங்க. அது 1959 மார்ச் 2 ரெக்கார்ட் ஆனது, அன்னைக்கு மாஸ்டர் டேப் மெஷின் லேசா மெதுவா ஓடிருக்கு, அத சரியான வேகத்துல போட்டா எல்லாமே கொஞ்சம் வேகமா சுருதி ஏறிதான கேக்கும், எல்பி எல்லாம் பல வருஷம் அப்படியேதான் வந்துச்சு, 1990கள்லதான் சரி பண்ணாங்க. பழைய எல்பிலேர்ந்து எடுத்த ஃபைல்னா உங்க காது கரெக்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

எப்படி கண்டுபிடிக்கிறது? பியானோவ கவனிங்க. ட்ரம்பெட்ட உதட்டாலயே ஏத்தலாம் இறக்கலாம், பியானோவுல அது நடக்காது. இதுல பியானோ வாசிச்ச பில் எவன்ஸ் போடுற கார்டும் (சேந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) உங்க கீபோர்டுக்கு அதே அளவு மேல இருந்தா டேப்தான் காரணம், சாஃப்ட்வேர்ல மொத்தமா இறக்கிட்டு வேலைய ஆரம்பிங்க. பியானோ ஒட்டி ட்ரம்பெட் மட்டும் விலகினா அது வாசிக்கிறவர் செஞ்சது, அதத்தான் நீங்க கத்துக்கணும்.

இன்னொன்னு, சாக்ஸ கீழ வச்சுட்டு பாடுங்க, நாலு பார் (தாளச் சுத்து) போதும். வாயில வராதது விரல்ல வந்தாலும் நிக்காது. வளைவு, ஸ்வரத்துக்குள்ள நுழையுற விதம், கொஞ்சம் பின்தங்கி வர்ற தாளம் எல்லாம் பாடுறப்போதான் தெரியும், பேப்பர்ல எழுதுறது கடைசி வேலை. முழுசா எழுதி ஃபைல்ல போட்டு வச்சவங்கள விட எட்டு பார மனப்பாடம் பண்ணவங்கதான் நல்லா வாசிக்கிறாங்க, நான் பாத்த வரைக்கும். அப்புறம் ஆல்ட்டோவுக்கு எழுதுறப்போ கீபோர்டு ஸ்வரத்தோட பேர் மாறும், அதனால பாட்டோட டி டோரியன் ஸ்கேல் உங்களுக்கு பி டோரியன், நடுவுல வர்ற எட்டு பார் ஈ ஃப்ளாட் உங்களுக்கு சி, இதுல குழம்பிட்டு சுருதிய திட்டாதீங்க!

இப்ப நீங்க கேட்ட ஜஸ்ட் இன்டொனேஷன். சென்ட்ங்கறது சுருதி வித்தியாசத்த அளக்குற சின்ன அலகு. கீபோர்டுல பக்கத்துப் பக்கத்து கட்டைக்கு நடுவுல 100 சென்ட், எல்லாம் சமமா வெட்டினது. அதனால மேஜர் தேர்ட் (ச-லேர்ந்து அந்தர காந்தாரம்) 400 சென்ட் வருது, ஆனா 5க்கு 4ங்கற சுத்த விகிதத்துல அது 386தான். 440 ஹெர்ட்ஸ் ட்ரோன் (தம்புரா மாதிரி விடாம ஒலிக்கிற ஸ்வரம்) ஒண்ண வச்சுட்டு மேல 550 பாடிப் பாருங்க, அசையாம நிக்கும், கீபோர்டோட 554 போட்டா படபடன்னு துடிக்கும். பத்து நிமிஷம் இத செஞ்சா போதும், புத்தகத்துல பத்து பக்கம் படிக்கிறது மிச்சம். ஃபிஃப்த்ல (ச-லேர்ந்து ப) வித்தியாசம் ரெண்டே சென்ட், அத விட்டுடுங்க.

செவந்த்லதான் (ச-லேர்ந்து கைசிகி நிஷாதம்) எல்லாரும் மாட்டிக்குவாங்க. 7க்கு 4 விகிதம் 969 சென்ட், கீபோர்டுல 1000, அதனால ப்ளூஸ்ல இறக்கி வாசிக்கிற செவந்த் இதுதான்னு பல பேர் அடிச்சுச் சொல்றாங்க. எனக்கு ஒத்துக்க முடியல, ஏன்னா அந்த ஸ்வரம் ஒரே இடத்துல நிக்கிறதே இல்ல, ஒரே சோலோவுலயே ஒரு தடவ இங்க ஒரு தடவ அங்கன்னு சறுக்கிட்டே போகும். அத ஒரு விகிதத்துல ஆணி அடிச்சா இசை போயிடும். எழுதுறப்போ ஸ்வரத்துக்கு மேல ஒரு சின்ன அம்புக்குறி, கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ, அவ்ளோதான், எத்தனை சென்ட்டுன்னு அளந்துட்டு உக்காராதீங்க. பியானோ கூட சேந்து வாசிக்கிறப்போ நீளமா பிடிக்கிற தேர்ட பியானோவோட ஒட்டிதான் வைக்கணும், சுத்தம் பாத்து 14 சென்ட் இறக்கினா கேக்குறவங்களுக்கு நீங்க சுருதி தப்பினவங்கதான்.