1904 ஜோஹன்னஸ்பர்க் பிளேக்: பூட்டனாரின் சாவைப் பதிவில் தேடுவது எப்படி?

பூட்டனார் ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தியர் குடியிருப்பான 'கூலி லொக்கேஷனில்' பிளேக்கில் இறந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள், பதிவிலோ நிமோனியா என்றிருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டுப் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அது நெறி கட்டும் பிளேக் இல்லை. நுரையீரலைத் தாக்கி, இருமலில் பரவி, இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொண்டுபோகும் வகை. பார்வைக்கு நிமோனியா போலவே இருக்கும்.

நெரிசலைப் பற்றி பிப்ரவரியிலேயே காந்தி சுகாதார அதிகாரி போர்ட்டரை எச்சரித்திருந்தார். மார்ச் 18 வாக்கில் 23 பேர் ஒன்றாக நோயில் விழுந்தார்கள். காலி வீட்டில் டாக்டர் காட்ஃப்ரேயும் காந்தியும் இரவெல்லாம் பார்த்தும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிறகு மக்களை ஊருக்கு வெளியே கிளிப்ஸ்ப்ரூட் என்ற இடத்துக் கூடாரங்களுக்கு அனுப்பிவிட்டு லொக்கேஷனையே கொளுத்தினார்கள்.

ஆகவே அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் 'நிமோனியா' சாவுகளை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே முகவரியில் சில நாள் இடைவெளியில் இன்னொரு பெயர் வந்தால் பிளேக்கைச் சந்தேகிக்க நியாயமுண்டு.

பெயரில்தான் பலர் தவறவிடுகிறோம். முனுசாமி பதிவில் முன்சாமியாகவும் இருப்பார், மூன்சாமியாகவும் இருப்பார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்றால் கப்பல் பட்டியலில் எண், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் கிடைக்கும். அதை முதலில் எடுங்கள்.