மறைந்த ஒரு ரொக் பாடகரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாறுகளில் எது நேர்மையானது என்று ரசிகர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்?

குயின் என்ற பிரிட்டிஷ் ரொக் குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரியை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். எங்கள் மாமா அந்தக் குழுவின் பாட்டுகளை கசெட்டில் பதிந்து வைத்திருந்தார். கொழும்பு பம்பலப்பிட்டி வீட்டில் அது ஓடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிரெடியைப் பற்றிய புத்தகங்களை இருபது வருடமாகத் தேடிப் படிக்கிறேன். பாதிக்கு மேல் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அகப்பட்டவை.

நான் முதலில் பார்ப்பது திகதியை. 2018இல் அவரைப் பற்றிய படம் வந்தபோது மச்சானோடு போனேன். அதில் குழு பிரிந்துவிடுகிறது. வருடக்கணக்காகச் சேர்ந்து வாசிக்காதவர்கள், எத்தியோப்பியப் பஞ்சத்துக்குக் காசு சேர்த்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சிக்காகத் திரும்பச் சேர்கிறார்கள். தனக்கு எயிட்ஸ் என்று பிரெடி ஒத்திகையில் சொல்கிறார். தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள், எனக்கும் கண் கலங்கியது. வெளியே வந்து பிளேன்டீ குடிக்கும்போதுதான் கோபம் வந்தது. லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13. அதே வருடம் மே மாதம் குயின் ஜப்பானில் வாசித்துக்கொண்டிருந்தது. குழு பிரியவே இல்லை. பிரெடி தனி இசைத்தட்டுப் போடப் போனதை மற்றவர்கள் துரோகமாக எடுத்துக்கொள்வதாகக் காட்டுகிறார்கள். ஆனால் ட்ரம்ஸ் வாசித்த ரொஜர் டெய்லர் 1981இலேயே தனியாக ஒன்று போட்டவர். நோய் தெரியவந்தது 1987இல் என்று, பிரெடியோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதியிருக்கிறார்.

"படம்தானே, விடு" என்றான் மச்சான். என்னால் விட முடியவில்லை. லைவ் எய்ட் அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அந்த இருபது நிமிடம் அவர் அப்படிப் பாடியதற்குச் சாவுப் பயம் தேவைப்படவில்லை. பதினைந்து வருடம் மேடை மேடையாக ஏறி இறங்கிய உழைப்பு அது. திகதியை இரண்டு வருடம் முன்னுக்கு இழுத்தால் அந்த உழைப்பை அவரிடமிருந்து பறித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மேயும் ரொஜர் டெய்லரும் அந்தப் படத்தோடு நின்றவர்கள். கூட இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போய்விட்டது.

அடுத்தது, இதை எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும் என்பது. இந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தது முன்பின் தெரியாத ஒருவர். மருதானையில் வாங்கிய ஒரு புத்தகத்தின் ஓரமெல்லாம் மங்கலான பென்சில் எழுத்து. பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் கதைத்ததை நூலாசிரியர் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் அந்தப் பழைய சொந்தக்காரர் கேட்டிருந்தார்: "ஆர் சொன்னது?" அந்தப் பக்கங்களில் பதிலே இல்லை. அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் என் கையிலும் பென்சில் இருக்கும்.

சின்ன வயதைப் பற்றிய அத்தியாயத்தையும் கவனிப்பேன். பிரெடியின் பிறப்புப் பெயர் பரூக் புல்சாரா. சான்சிபாரில் 1946இல் பிறந்த பார்சிப் பிள்ளை, பம்பாய்ப் பக்கம் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். 1964இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனபோது அவருக்குப் பதினேழு வயது. அந்தப் பதினேழு வருடத்தை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு லண்டனுக்கு ஓடுகிறவரை நான் நம்புவதில்லை. பார்சிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர் கொழும்பு. எட்டு வயதில் கடல் கடந்து விடுதிக்குப் போகும் பிள்ளை என்னவாகும் என்று கேட்க இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். ரசிகர்கள் பல நேரம் புத்தகம் நேர்மையா என்று பார்ப்பதில்லை, தங்களுக்கு நோகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஹட்டனின் புத்தகம் 1994இல் வந்தது. நான் அதை முதலில் படித்தபோது பாதியில் மூடி வைத்தேன். சண்டைகள், பொறாமை, மெலிந்துபோன உடம்பு. காசுக்காக எழுதியிருக்கிறார் என்று நானும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு மாமா நோயில் விழுந்தார். கடைசி ஐந்து மாதம் வீட்டில் வைத்து நாங்கள்தான் பார்த்தோம். அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஹட்டன் எழுதியிருந்த படுக்கை மாற்றும் வேலை, தோட்டம், மீன் குளம், பூனைகள், தன் கோபத்தையும் மறைக்காமல் வைத்த விதம், எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்தவனுக்குத்தான் அந்த விபரங்கள் வரும். அதே வீட்டில் இருந்த உதவியாளர் பீட்டர் ப்ரீஸ்டோனும் தன் நினைவுகளை எழுதியிருக்கிறார், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிரெடியைப் பற்றி எதை முதலில் படிக்கலாம் என்று யாராவது கேட்டால், ஹட்டனின் புத்தகத்தைத்தான் இப்போது கையில் கொடுக்கிறேன்.