மூன்று அமர்வு முடிந்தும் இடுப்புவலி குறையவில்லை என்றால்

அக்குபங்சரில், அதாவது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சையில், மூன்று அமர்வு முடிந்தும் இடுப்புவலி குறையவில்லை, புள்ளி தவறிவிட்டதோ என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று முறை ஊசி குத்தியதை வைத்து, அது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில் பத்து அமர்வுகள் கொடுத்தார்கள். அக்குபங்சர் பெற்றவர்களில் ஆறு மாதத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். உரிய புள்ளியை விட்டு மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். அதனால் "புள்ளி தவறிவிட்டதோ" என்ற உங்கள் கவலை வேண்டாம்.

தையல் இயந்திரத்தில் எட்டு மணி நேரம் குனிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. இப்படிக் குனிந்தே இருந்தால், ஊசியில் தளர்ந்த தசை மீண்டும் இறுகிவிடலாம். அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள்.

இன்றிரவே ஒன்றைச் சோதியுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை வேறொருவர் மெல்லத் தூக்கட்டும். பாதி உயரத்திலேயே முழங்காலுக்குக் கீழே வலி மின்னல்போல் ஓடினால் நரம்பு அழுந்தியிருக்கலாம். அப்போது எலும்பியல் மருத்துவரைப் பார்த்த பிறகே அடுத்த அமர்வு.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொய்ந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் ஊசி குத்துபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஊசி உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும்.